சமூகத் தோட்டக் குழுவில் சேர்ந்து இயற்கை வழிக் காய்கறி வளர்ப்பு கற்க: எதைப் பார்த்துச் சேருவது?

வேலிப்பருத்தி:

வணக்கம். ரசாயன உரமும் மருந்தும் இல்லாமல் காய்கறி வளர்ப்பதை முறையாகக் கற்றுக்கொள்ள நினைக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் 3 மீட்டருக்கு 4 மீட்டர் வெறும் மண் தரை இருக்கிறது. நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வெயில் விழும் இடம். வீடியோக்களில் ஒருவர் ஆழமாகக் கொத்திக் கிளறு என்கிறார், அடுத்தவர் மண்ணைத் தொடவே தொடாதே என்கிறார். கூடவே நின்று சொல்லித்தரும் குழுவில் சேருவதே மேல் என்று தோன்றுகிறது.

நடந்து போகும் தூரத்தில் இரண்டு குழுக்கள் உள்ளன. முதல் குழுவில் நிலம் முழுக்கப் பொது. வாரம் ஒரு வேலை நாள், மூன்று மணி நேரம். எல்லோரும் எல்லாப் பாத்தியிலும் வேலை செய்து, விளைந்ததைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இரண்டாவது குழுவில் ஆளுக்கு 20 சதுர மீட்டர் தனித் துண்டு. தண்ணீர், கருவிகள், உரக்குவியல் மட்டும் பொது. வெளியிலிருந்து லாரியில் தொழுவுரமும் வைக்கோலும் வந்து இறங்குகிறது, வேண்டிய மட்டும் அள்ளிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

புதியவர் எதில் சேரலாம்? சேரும் முன் எதைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்? அந்த லாரித் தொழுவுரத்தை அள்ளிவந்து வீட்டு மண்ணில் போட்டுவிடலாமா?

தும்பை:

முதல் குழு. 20 சதுர மீட்டர் என்பது புதியவருக்கு மிக அதிகம். விதை முளைக்கும் பருவத்தில் களை எடுப்பதற்கே நேரம் சரியாகிவிடும், கற்றுக்கொள்ள நேரம் மிஞ்சாது. தனித் துண்டில் நீங்கள் தப்பாகச் செய்வதைப் பக்கத்துத் துண்டுக்காரர் பார்த்தாலும், அடுத்தவர் இடம் என்று வாய் திறக்க மாட்டார். பொதுப் பாத்தியில் அந்தக் கூச்சம் கிடையாது. உங்கள் கையில் இருக்கும் நாற்றை ஒருவர் வாங்கி, தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார். இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் செடியே போச்சு. தக்காளியைக் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாக நடலாம், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும்; மற்ற நாற்றுகளைத் தட்டில் இருந்த அதே ஆழத்தில் வைப்பதே பத்திரம். இதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் பிடிபடும்.

எந்தக் குழுவானாலும் பார்வையாளர் நாளில் போகாதீர்கள், வேலை நாளில் போங்கள். நேராக உரக்குவியலுக்குப் போய்விடுங்கள். பாத்தியை ஒரு வாரத்தில் ஒப்பனை செய்துவிடலாம், குவியலைச் செய்ய முடியாது. விஷயம் தெரிந்த குழுவில் மூன்று தடுப்பு இருக்கும்: நிரம்பிக்கொண்டிருப்பது ஒன்று, வெந்துகொண்டிருப்பது ஒன்று, ஆறி முதிர்வது ஒன்று. நடுக் குவியலுக்குள் ஓர் இரும்புக் கம்பியை முழங்கை ஆழம் செருகி, ஐந்து நிமிடம் கழித்து எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் அங்கே கற்றுக்கொள்ள ஆள் இருக்கிறது. சருகும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக் பையும் ஒரே அம்பாரமாக, உள்ளே காய்ந்து சில்லென்று கிடந்தால் அது குப்பைமேடு.

அடுத்தது குறிப்பேடு. எந்தப் பாத்தியில் எந்தத் தேதி என்ன விதைத்தார்கள், எத்தனை வாளி உரம் போட்டார்கள், என்ன பூச்சி வந்தது என்று எழுதிவைக்காத குழுவில் பயிர்ச் சுழற்சி வெறும் பேச்சுதான். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம். ஒன்று இருந்த பாத்தியில் மற்றொன்று மூன்று வருடத்துக்குத் திரும்பக் கூடாது. "போன வருடம் இந்தப் பாத்தியில் என்ன இருந்தது?" என்று இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். விடை வேறு வேறாக வந்தால் நோட்டு இல்லை என்று அர்த்தம்.

முடிந்தால் காய்ப்பு ஓய்ந்த செடி ஒன்றைப் பிடுங்கச் சொல்லி வேரைப் பாருங்கள். அவரை, பீன்ஸ் வேரில் ஒட்டியிருக்கும் உருண்டைகள் நகத்தால் நெருடினால் உதிர வேண்டும், பூக்கும் பருவத்துச் செடியானால் வெட்டும்போது உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அது காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தரும் வேர்முண்டு, நல்லது. தக்காளி அல்லது வெண்டை வேரே அங்கங்கே வீங்கி, நெருடினாலும் உதிராமல் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு, வேருக்குள் புகுந்து வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழு. நூற்புழு உள்ள தோட்டத்தில் சேரக் கூடாது என்பதில்லை, ஆனால் அங்கிருந்து நாற்றோ மண்ணோ மண்ணொட்டிய மண்வெட்டியோ உங்கள் வீட்டுக்கு வரக் கூடாது.

சேரும் காலமும் முக்கியம். அறுவடை நேரத்தில் சேருபவருக்குப் பறிக்க மட்டும்தான் தெரியவரும். பாத்தி போடும் நேரத்தில் சேர்ந்து, விதையில் தொடங்கி விதை எடுப்பது வரை ஒரு பயிரையாவது முழுதாகப் பாருங்கள்.

களைக்கொத்தி:

தும்பை அக்கா சொல்றதுல பாதிதான் சரி. பொதுப் பாத்தின்னா எல்லாருக்கும் பொறுப்பு, அதனால யாருக்கும் பொறுப்பு இல்ல. வாரம் ஒரு நாள் போய் மூணு மணி நேரம் களை பிடுங்கிட்டு வந்தா, செடி வாடின செவ்வாய்க்கிழமை என்ன செய்யணும்னு எப்படித் தெரியும்? முதல் குழுவுலயே சேருங்க. ஆனா சேரும்போதே, "ஒரே ஒரு பாத்தியை முழுப் பருவமும் நான் பார்த்துக்கறேன், கூட ஒரு அனுபவசாலி இருக்கட்டும்"னு கேட்டு வாங்குங்க. 1.2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம் போதும். தண்ணி முறையிலயும் பேர் குடுங்க. வாரத்துல ரெண்டு தடவை பூவாளியோட சுத்தி வர்ற ஆளுக்குத்தான் இலையோட அடிப்பக்கம் பழகும்.

கேக்க வேண்டியதையும் சொல்லிடறேன். வேலை நாளுக்கு வரலைன்னா என்ன? பங்கு ஆளுக்கா, வேலை செஞ்ச மணி நேரத்துக்கா? எதைத் தெளிக்கலாம், எதைக் கூடாதுன்னு எழுதி வெச்ச பட்டியல் இருக்கா? பூச்சி வந்தா தெளிக்கலாமான்னு முடிவு எடுக்கறது யாரு? கடைசி ரெண்டுக்கும் பதில் இல்லைன்னா, சண்டை வரப்போறது அங்கதான். ஒருத்தர் ராத்திரியோட ராத்திரியா எதையோ அடிச்சுட்டுப் போயிருப்பாரு, மத்தவங்க மறுநாள் கீரை பறிச்சுக்கிட்டு இருப்பாங்க.

எருக்குழி:

லாரித் தொழுவுரம் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் அதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்தால் இரண்டு மூன்று பருவம் போய்விடும்.

புல்வெளிகளிலும் தானியப் பயிரிலும் அகலஇலைக் களைகளைக் கொல்ல அமினோபைராலிட், குளோபைராலிட், பிக்ளோராம் என்று சில மருந்துகள் அடிக்கப்படுகின்றன. புல்லையும் தானியத்தையும் இவை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தத் தீவனத்தைத் தின்ற மாட்டின் குடல் வழியாகச் சிதையாமல் வெளியேறி, சாணத்திலும் வைக்கோலிலும் தங்கிவிடும். குவியலில் மக்கவைத்தாலும் சீக்கிரம் போகாது. தக்காளி, உருளைக்கிழங்கு, பீன்ஸ், பட்டாணி எல்லாம் மிகச் சிறு அளவுக்கே சுருண்டுவிடும். கொடுப்பவருக்கே பெரும்பாலும் தெரியாது, தீவனம் எங்கோ வாங்கியதாக இருக்கும். ஆகவே "நாங்க ஒண்ணும் அடிக்கலை" என்ற பதிலை நம்பி மட்டும் அள்ளாதீர்கள்.

சோதனை சுலபம். குவியலின் ஐந்தாறு இடங்களில், மேற்பரப்பில் அல்ல, உள்ளிருந்து ஒவ்வொரு கை எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். அதில் ஒரு பங்குக்கு நம்பகமான நாற்று மண் ஒரு பங்கு சேர்த்து மூன்று தொட்டி. வெறும் நாற்று மண்ணில் மூன்று தொட்டி. ஒவ்வொன்றிலும் மூன்று பீன்ஸ் விதை. ஆறுக்கும் தனித்தனித் தட்டு வைக்க வேண்டும். ஒரே தட்டில் வைத்தால் வடிந்த நீர் வழியாக மருந்து அடுத்த தொட்டிக்கும் ஏறி, ஒப்பிட ஒன்றும் இல்லாமல் போய்விடும். மூன்று அடுக்கு இலை வரும் வரை, ஏறக்குறைய மூன்று வாரம், காத்திருங்கள். முதல் இலைகள் ஒழுங்காக வந்து, அதற்கு மேல் வரும் இளம் இலைகள் கிண்ணம்போல் குவிந்தோ, நரம்புகள் நெருங்கிச் சுருங்கியோ, நுனி முறுக்கிக்கொண்டோ வந்தால் களைக்கொல்லி இருக்கிறது. ஆறு தொட்டியிலும் அப்படியே வந்தால் காரணம் வேறு: விதை, வைரஸ், அல்லது உங்கள் நாற்று மண்.

முளைக்கவே இல்லை என்றால் உடனே களைக்கொல்லி மேல் பழி போடாதீர்கள். பச்சைச் சாணத்தின் அம்மோனியாவும் உப்பும்கூட விதையைக் கருக்கும். இன்னும் ஆறு வாரம் மக்கவிட்டு மறுபடி பாருங்கள்.

சோதனையில் தேறினாலும் பச்சைத் தொழுவுரத்தை நிற்கும் கீரைக்குப் போடக் கூடாது. அமெரிக்க அங்கக (ஆர்கானிக்) சான்று விதியில் இதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது: உண்ணும் பாகம் மண்ணைத் தொடுமானால் அறுவடைக்கு 120 நாள் முன்பே பச்சை எருவை மண்ணில் கலந்திருக்க வேண்டும், தொடாததற்கு 90 நாள். கிருமிக்காக வைத்த கணக்கு. சான்று வாங்காத குழுவும் இதைக் கடைப்பிடிப்பது நல்லது. அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்றால் முறையாக வேகவைத்து மக்கவைக்க வேண்டும்.

குழுவில் சேர்ந்தால் நீங்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய வேலையும் அதுதான். குவியல் நன்றாகச் சூடேற நீளம், அகலம், உயரம் மூன்றும் தலா ஒரு மீட்டராவது வேண்டும். அதைவிடச் சிறிதானால் பக்கங்கள் வழியாகச் சூடு ஓடிவிடும். ஒரு வீட்டுச் சமையலறைக் கழிவில் அவ்வளவு சேராது, பத்து வீடு சேர்ந்தால் சேரும்.

கரிச்சத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் விகிதம் 25 முதல் 30 பங்குக்கு 1 என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். வாளிக் கணக்கில் சொன்னால் பச்சை ஒரு வாளிக்குக் காய்ந்தது இரண்டு வாளி. பச்சை என்றால் காய்கறித் தோல், வெட்டிய புல், சாணம், பூ வைக்காத களை. காய்ந்தது என்றால் சருகு, வைக்கோல், கிழித்த அட்டை. மரத்தூளைக் கண்டால் கை தாராளமாகிவிடும், வேண்டாம். அதில் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 300 பங்குக்கு மேல், ஒரு கூடை போனாலே குவியல் தூங்கிவிடும். சருகை உடைத்தோ நறுக்கியோ போடுங்கள். முழு இலைகள் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாயாகி, காற்றை அடைத்துவிடும்.

ஈரத்துக்குக் கைதான் அளவு. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும். ஒழுகினால் அதிகம், கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் குறைவு. இரண்டு மூன்று நாளில் உள்ளே 55 டிகிரி செல்சியஸ் தாண்ட வேண்டும். 65 வரை விடலாம், 70-ஐ நெருங்கினால் புரட்டிவிடுங்கள், வேலை செய்யும் நுண்ணுயிர்களே செத்துவிடும். கிருமியும் களை விதையும் சாக, திறந்த குவியலை 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் வைத்து, அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும். புரட்டும்போது வெளிப்பக்கம் இருந்தது உள்ளே போக வேண்டும். நின்ற இடத்திலேயே கிளறிவிட்டால் ஓரத்தில் இருக்கும் விதைகள் அப்படியே உயிரோடிருக்கும்.

மூக்கைச் சுளிக்கவைக்கும் அம்மோனியா நெடி அடித்தால் பச்சை அதிகம், சருகு சேருங்கள். அழுகிய முட்டை நாற்றமென்றால் காற்று இல்லை, புரட்டுங்கள். சூடே ஏறவில்லை என்றால் முதலில் ஈரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் உள்ளே காய்ந்திருக்கும். ஈரம் சரியாக இருந்தும் சூடு இல்லை என்றால் சாணம் கரைத்து ஊற்றலாம்.

முதிர்ந்ததா என்று அறிய, ஈரமாக ஒரு பிடியைக் காற்றுப் புகாத பையில் மூன்று நாள் கட்டிவையுங்கள். திறந்ததும் மழை மண் வாசம் வந்தால் போடலாம். புளித்த நாற்றம் வந்தால் இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும்.

மண்புழு உரத்தை இந்தச் சூட்டுக் குவியலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உரம் செய்ய வழக்கமாக வளர்க்கும் ஐசினியா ஃபெடிடா புழு 35 டிகிரியைத் தாங்காது. சூடு ஆறிய பிறகே புழுவை விட வேண்டும்.

வேலிப்பருத்தி:

எல்லோருக்கும் நன்றி. எருக்குழி ஐயா, பீன்ஸ் சோதனையை அந்தக் குழுவிடமே சொல்கிறேன். முதல் குழுவில் சேர்வது என்று முடிவு செய்துவிட்டேன், களைக்கொத்தி சொன்னபடி ஒரு பாத்தியும் கேட்கிறேன். இன்னும் இரண்டு கேட்க வேண்டும். அங்கே அசுவினி (கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) வந்தால் புகையிலையை ஊறவைத்து அடிப்பார்களாம். இயற்கைப் பொருள்தானே, பயமில்லை என்கிறார்கள். சரிதானா? அடுத்தது, தோட்டம் இருக்கும் இடத்தில் முன்பு பழைய கட்டடம் இருந்ததாம். அதனால் ஏதும் பிரச்சினை உண்டா?

ஓணான்:

புகையிலைச் சாறு வேண்டவே வேண்டாம். நிகோட்டின் கொடிய நஞ்சு, தோல் வழியாகவே உடம்பில் இறங்கும். கையுறை இல்லாமல் கலக்கி அடிப்பவருக்குத்தான் முதல் ஆபத்து. அங்ககத் தர விதிகளும் அதைத் தடை செய்திருக்கின்றன. போதாததற்குப் புகையிலையோடு மொசைக் வைரஸும் தோட்டத்துக்குள் வரலாம். அது தக்காளி, மிளகாய் இரண்டையும் பிடிக்கும், கை வழியாகவே செடிக்குச் செடி பரவும். இலையில் காய்ச்சியது என்பதால் எதுவும் சாதுவாகிவிடாது. பூச்சிக்கொல்லியாக அனுமதி உள்ள பைரித்ரின்கூடச் செவ்வந்தி இனப் பூவிலிருந்து வருவதுதான், தேனீ மேல் பட்டால் தேனீயும் சாகும். பூஞ்சைக்கு அனுமதிக்கப்பட்ட தாமிர மருந்துகளும் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கு ஆகாது.

அசுவினிக்குத் தண்ணீரே முதல் மருந்து. காலையில் குழாயைப் பிடித்து இலையின் அடியில் பீச்சியடித்தால் உதிர்ந்துவிடும், விழுந்தவற்றில் பெரும்பாலானவை திரும்ப ஏறாது. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை செய்யுங்கள். அதற்கு முன் நண்பர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, பழுப்பேறி, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால் பின்பக்கம் வட்டமாக ஓர் ஊசித்துளை தெரியும். ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து வெளியேறிய துளை அது. அந்தச் செடியில் எதையும் அடிக்காமல் ஒரு வாரம் பொறுங்கள். பொறிவண்டின் புழு கறுத்து, நீளமாக, முதுகில் ஆரஞ்சுத் திட்டுகளோடு இருக்கும். புதியவர்கள் பூச்சி என்று நசுக்குவது பெரும்பாலும் இதைத்தான்.

அப்புறமும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய். செக்கில் ஆட்டிய எண்ணெயில்தான் பூச்சியைக் கட்டுப்படுத்தும் அசாடிராக்டின் என்ற பொருள் இருக்கும். சுத்திகரித்ததில் அது எடுக்கப்பட்டிருக்கும், பூச்சியின் உடம்பை அடைப்பதோடு சரி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், 1 முதல் 2 மில்லி பொட்டாசியம் சோப்புக் கரைசல். முதலில் எண்ணெயையும் சோப்பையும் குழைத்துவிட்டுத் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கினால் எண்ணெய் மேலே மிதக்கும், தெளிப்பானில் கடைசியாக வரும் தெளிப்பு வெறும் எண்ணெயாகவே விழுந்து இலையைச் சுட்டுவிடும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். வெயில் இறங்கிய பிறகு, இலையின் அடிப்பக்கம். மறுநாளே பூச்சி சாகவில்லை என்று அளவைக் கூட்டக் கூடாது. அது தின்பதையும் தோலுரிப்பதையும் தடுக்கும் மருந்து, நான்கைந்து நாள் ஆகும்.

எருக்குழி:

ஓணான் சொன்ன 5 மில்லி வளர்ந்த செடிக்குச் சரி. நாற்றுக்கும், வெள்ளரி மாதிரி மென்மையான இலைக்கும் பாதி அளவில் தொடங்குங்கள். எந்த அளவானாலும் ஒரு செடியில் இரண்டு இலைக்கு அடித்து இரண்டு நாள் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு. தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கும் செடிக்கு எந்தத் தெளிப்பும் கூடாது.

பழைய கட்டடம் என்றால் ஈயம் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்தது, சுவரையொட்டிய மண்ணில் உதிர்ந்து அங்கேயே கிடக்கும். மக்காது, கரைந்தும் போகாது. குழுவிடம் மண் பரிசோதனை அறிக்கை கேளுங்கள், அதில் கார அமில நிலையோடு ஈயமும் பார்த்திருக்க வேண்டும். சுவரோரம் தனியாக, நடுவில் தனியாக மாதிரி எடுத்திருந்தால் நல்லது. பழத்துக்குள் ஈயம் அதிகம் ஏறாது. கிழங்கும் வேர்க்காயும் கீரையும்தான் கவலை, அதிலும் இலையில் ஒட்டும் புழுதியே பெரும்பங்கு. சந்தேகம் உள்ள இடத்தில் வேறு நல்ல மண் கொண்டுவந்து மேட்டுப்பாத்தி போட்டு, நடைபாதையை மரச்சில்லு போட்டு மூடிவிட வேண்டும். மேட்டுப்பாத்திக்குப் பழைய ரயில் கட்டையோ, ஆர்சனிக் கலந்து பதப்படுத்திய பழைய மரமோ சட்டமாக வைத்திருந்தால், ஒன்றைத் தடுக்கப்போய் இன்னொன்றை வரவழைத்த கதை.

தும்பை:

வீட்டு இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், குழுவில் கற்பதை அங்கே உடனுக்குடன் செய்து பார்க்கலாம். 4 மீட்டர் பக்கத்தில் 1.2 மீட்டர் அகலத்தில் இரண்டு பாத்தி, நடுவில் 60 சென்டிமீட்டர் வழி, இரு ஓரமும் தலா 50. நீளம் 3 மீட்டர். 1.2-க்கு மேல் அகலம் வைத்தால் நடுவில் கை எட்டாது, பாத்தியை மிதிப்பீர்கள், மிதித்த மண் இறுகும். மிதிக்காத பாத்தியை வருடா வருடம் கொத்த வேண்டியதில்லை. வீடியோக்காரர்கள் இருவரும் சொல்வது அவரவர் மண்ணுக்குச் சரி. இறுகிப்போன புது மண்ணை முதல் முறை ஒரு மண்வெட்டி ஆழம் கொத்தித் தளர்த்துங்கள், அதன் பிறகு மேலே உரமும் மூடாக்கும் (மண்ணை மூடிப் பரப்பும் வைக்கோல், சருகு) மட்டும்.

இரண்டு பாத்தியும் சேர்ந்து 7.2 சதுர மீட்டர். 2.5 சென்டிமீட்டர் கனத்துக்கு மக்கிய உரம் பரப்ப 180 லிட்டர் வேண்டும், பத்து லிட்டர் வாளியில் பதினெட்டு. புது மண்ணுக்கு முதல் முறை இருமடங்கு போடலாம். வருடந்தோறும் அப்படியே அள்ளிக் கொட்டினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) தேங்கி, இரும்பும் துத்தநாகமும் செடிக்கு எட்டாமல் போகும். தண்ணீர்க் கணக்கும் ஏறக்குறைய அதேதான்: மழை இல்லாத வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 லிட்டர், மொத்தம் 180. இதை இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள். கடும் வெயிலிலும் மணற்பாங்கான மண்ணிலும் கூடுதலாக வேண்டும். உங்கள் மண் எது என்று தெரிய, ஒரு கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு தேக்கரண்டி சோப்புத்தூள் போட்டு ஐந்து நிமிடம் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்துக்குள் அதன் மேல் படிவது வண்டல், ஓரிரு நாள் கலங்கலாகவே இருந்து கடைசியில் இறங்குவது களி. ஒவ்வொரு படிவு முடிந்ததும் சீசாவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மூடாக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. தண்டோடு ஒட்டி அணைத்தால் கழுத்து அழுகும். தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால் சுண்ணாம்பு வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருக்கும், ஒருநாள் காய்ந்து ஒருநாள் ஊறும் பாத்தியில் அது காய்க்குப் போய்ச் சேராது. தண்ணீரை ஒழுங்குபடுத்தினால் அடுத்த கொத்துச் சரியாக வரும்.

விதைப்பெட்டி:

குழுவில் விதை பரிமாற்றம் நடக்கும், அதைப் பற்றியும் கொஞ்சம். கையில் வாங்கும்போது மூன்று விவரம் உறையில் எழுதி வாங்குங்கள்: ரகத்தின் பெயர், எடுத்த மாதமும் வருடமும், பக்கத்தில் அதே இனத்தின் வேறு ரகம் இருந்ததா. வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகத்திலிருந்து எடுத்த விதை என்றால் தாய்ச்செடி மாதிரி வராது. முளைக்கும், காய்க்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

புதியவர் விதை எடுக்கத் தக்காளியும் பீன்ஸும் போதும், இரண்டும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். பூசணி, சுரை, வெள்ளரி வகைகளைத் தேனீ கலந்துவிடும், அரை கிலோமீட்டர் தூரம்கூடப் போதாது. குழு நிலத்தில் நான்கு ரகப் பூசணி இருந்தால் அங்கே எடுத்த விதையை நம்ப முடியாது. கையால் மகரந்தம் சேர்த்து, பூவை நூலால் கட்டி, அந்தக் காய்க்கு அடையாளம் போட்டிருந்தால் வாங்கலாம். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருப்பது பெண் பூ. முந்தின நாள் மாலையே மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளின் நுனியைக் கட்டிவைத்து, காலையில் பிரித்து, ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டுத் தடவி, பெண் பூவை மறுபடி கட்ட வேண்டும்.

தக்காளி விதையை நன்றாகப் பழுத்ததிலிருந்து சாறோடு வழித்து, மூடாமல் இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுங்கள். மேலே ஆடை படியும், விதையைச் சுற்றிய வழுவழுப்பு கழன்றுவிடும். கழுவி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் பீங்கான் தட்டில் காயவையுங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். நான்கு நாள் விட்டுவிட்டால் பாத்திரத்திலேயே முளைவிடத் தொடங்கிவிடும்.

பழைய விதையானால் பத்தை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி, பையில் போட்டு ஒரு வாரம் முதல் பத்து நாள் வையுங்கள். எட்டு முளைத்தால் வழக்கம்போல் விதைக்கலாம், ஐந்து என்றால் இரட்டிப்பாக, மூன்றுக்குக் கீழே என்றால் இடத்தை வீணாக்க வேண்டாம்.

நாற்று இலவசமாகக் கொடுத்தால் வேரைப் பார்க்காமல் வாங்காதீர்கள். தும்பை சொன்ன முடிச்சு நாற்றிலேயே தெரியும், கடுகளவுதான் இருக்கும். இலையைத் தட்டிப் பார்த்து வெள்ளை ஈ பறந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். சுத்தமாகத் தெரிந்தாலும் பாத்தியில் வைக்கும் முன் பத்து நாள் தனியாக, மற்றத் தொட்டிகளுக்குத் தள்ளி வைத்திருங்கள். ஈ இல்லை என்றாலும் முட்டை இருக்கலாம். பொரித்து வெளியே வர அந்த அவகாசம் வேண்டும்.